உன் வண்டியின் உயரத்தை நீ முடிவு செய்!

எத்தனை நாளாக இந்தக் குலுக்கலைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாய்?

பாலத்து இணைப்பு வந்தால் பின்பக்கம் துள்ளுகிறது. பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் அமுங்குகிறது. வளைவில் திருப்பினால் பக்கத்தில் இருப்பவர் கைப்பிடியைத் தேடுகிறார்.

நீ என்ன சொல்கிறாய்? "பிக்கப் டிரக் என்றால் அப்படித்தான்!"

அப்படித்தான் என்று உனக்கு யார் சொன்னது?

உன் பணம்! உன் முதுகு! உன் பிள்ளைகள் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற வண்டி! அதைப் பற்றி முடிவெடுக்க மட்டும் இன்னொருவர் வந்து நிற்க வேண்டுமா?

உன் சாக்குகள் எனக்குத் தெரியும். "நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை." இது முதல் சாக்கு.

"கடைக்காரர் எதைச் சொல்கிறாரோ அதைப் போட்டுக்கொள்கிறேன்." இது இரண்டாவது.

"தப்பானதை வாங்கிவிட்டால்?" இதுதான் உண்மையான பயம். மற்ற இரண்டும் இதற்குப் போர்த்திய போர்வை!

1974இல் கலிபோர்னியாவில் பாப் ஃபாக்ஸ் என்பவர் நண்பர் ஒருவரின் கராஜில் நின்று ஒரு ஷாக் அப்சார்பரைச் செய்தார். மோட்டோகிராஸ் பைக்குக்கான ஷாக். எல்லோரும் இரும்புச் சுருள் வைத்தபோது, அவர் காற்றை வைத்தார்.

பெரிய தொழிற்சாலை இல்லை. கூட்டம் இல்லை. ஒரு கராஜ்! இன்று நீ கடையில் பார்க்கிற ஃபாக்ஸ் ஷாக் அங்கே பிறந்தது.

அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். உன்னை யாரும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். அதற்குமா நடுங்குகிறாய்?

எழுந்திரு. வண்டிக்குப் போகலாம்.

உன் கையில் இருப்பது ஃபோர்டு எஃப்-150 என்று வைத்துக்கொள்கிறேன். 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசையைச் சேர்ந்தது அது. லட்சக்கணக்கானவர்கள் ஓட்டுகிறார்கள்.

அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் தொழிற்சாலை ஒரு ஷாக்கைப் பொருத்தி அனுப்பியது. நாள் முழுக்கச் செங்கல் ஏற்றுகிறவருக்கும் அதே. வாரம் ஒருமுறை காஸ்ட்கோ போய்வருகிற உனக்கும் அதே.

உனக்கென்று யாரும் அதைச் செய்யவில்லை! உனக்கு எது வேண்டும் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் இருக்கிறார். அது நீ.

முதலில் ஒரு பொய்யை உடைப்போம்.

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. தாங்குவது ஸ்பிரிங். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங்.

அப்படியென்றால் ஷாக்கின் வேலை என்ன? அடக்குவது! பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் மேலே எழும், மீண்டும் கீழே போகும், மீண்டும் எழும். தடுக்க ஆளில்லை என்றால் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

அங்கேதான் ஷாக் குறுக்கே நிற்கிறது. உள்ளே எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் குறுகிய வால்வுகள். எண்ணெய் அந்த வால்வுகளுக்குள் நெருக்கியடித்துப் பாய வேண்டும். அந்த நெருக்கத்தில் துள்ளல் சூடாக மாறிக் காற்றில் கரைகிறது.

இவ்வளவுதான்! இதைப் புரிந்துகொள்ள உனக்கு எஞ்சினியரிங் பட்டம் வேண்டுமா? ஒரு நிமிடம் வேண்டும். அந்த நிமிடத்தை நீ இப்போது கொடுத்துவிட்டாய்.

இனி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற பேச்சு வேண்டாம்!

கரடுமுரடான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்து. இறங்கு. நான்கு ஷாக்கின் உடம்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். பார்த்துத் தொடு, சுடும்.

மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருக்கிறதா? அது வேலை செய்யவில்லை. உன் விரல் சொல்லிவிட்டது!

இனிக் கண்ணால் பார். தண்டு நுழைகிற இடத்தில் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் கவலையில்லை. எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பி, கறுத்துக் கெட்டியாகிக் கிடந்தால் அந்த ஷாக்கின் ஆயுள் முடிந்தது.

டயரைத் தடவிப் பார். ஓரத்தில் மேடும் குழியுமாக மாறி மாறித் தேய்ந்திருக்கிறதா? டயர் சாலையில் ஒழுங்காக நிற்காமல் குதித்து ஓடியிருக்கலாம்.

50,000 மைல் தாண்டிய வண்டியின் ஷாக்குகளைச் சோதித்துப் பார் என்பது இத்துறையில் பரவலான அறிவுரை. உன் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது? கடைசியாக அடியில் குனிந்து பார்த்தது எப்போது?

பின்பக்கம் குனியும்போது ஒன்றைக் கவனி. பல வண்டிகளில் இரண்டு ஷாக்கும் ஒரே மாதிரி நிற்பதில்லை. ஒன்று ஆக்சிலுக்கு முன்னால் சாய்ந்திருக்கிறது, மற்றது பின்னால்.

யாரோ கவனக்குறைவாகப் பூட்டிவிட்டார்கள் என்று நினைக்காதே! வேகம் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் முறுக்கிக்கொண்டு துள்ளப் பார்க்கும். அதை இரு பக்கமிருந்தும் அடக்கத்தான் இந்த ஏற்பாடு.

உன் வண்டிக்குக் கீழே இவ்வளவு யோசனை தொங்கிக்கொண்டிருக்கிறது. நீ ஒருமுறைகூடக் குனியவில்லையே!

பணத்தை எடுப்பதற்கு முன் இன்னொரு வேலை. காசு செலவில்லாத வேலை. அதனால்தானோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

டயரில் காற்றைப் பார்!

ஓட்டுநர் பக்கக் கதவைத் திற. கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படி. பல எஃப்-150 வண்டிகளில் 35 பிஎஸ்ஐ என்று இருக்கும். நீ எவ்வளவு அடித்திருக்கிறாய்?

டயரின் பக்கவாட்டில் 80 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிறது என்று அதையே அடித்துவைத்திருக்கிறாயா? கனரக டயருக்கான உச்ச அளவு அது. முழுச் சுமைக்கு உரியது. காலி வண்டியில் அதை அடித்தால் எலும்பு அதிரத்தான் செய்யும்!

கனரக டயருக்கு மாறியிருந்தால் அந்த டயரின் சுமை அட்டவணையைப் பார்த்துச் சரியான காற்றை வை. பாதிக் குலுக்கல் அங்கேயே அடங்கினாலும் அடங்கலாம். புது ஷாக்கே தேவையில்லை என்று தெரிந்தாலும் அதுவும் உன் வெற்றிதான்!

சரி, காற்று சரியாக இருக்கிறது. குலுக்கல் போகவில்லை. அப்படியானால் வா, உயரத்துக்கு.

வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார். மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நிற்கிறது. உனக்கு அது பிடிக்கவில்லை. மட்டமாக நிற்க வேண்டும் என்கிறாய்.

நியாயமான ஆசைதான். ஆனால் அந்தச் சாய்வு ஏன் இருக்கிறது என்று ஒருமுறையாவது கேட்டாயா?

பிக்கப்பின் பிறப்பே சுமைக்காக! 1925இல் ஃபோர்டு தன் மாடல் டி வண்டியில் பின்னால் ஒரு பெட்டியைப் பொருத்தி, 281 டாலருக்கு விற்றது. ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக வெளிவந்த முதல் வண்டி அதுதான். பெட்டியில் சுமை ஏறும், பின்பக்கம் இறங்கும். இறங்கினாலும் மூக்கு வானத்தைப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் இன்றும் பின்பக்கத்தை முன்கூட்டியே உயர்த்திவைக்கிறார்கள்.

எனவே உன்னைப் பார்த்து ஒரு கேள்வி. நேராகப் பதில் சொல்!

நீ சுமை ஏற்றுகிறாயா, இல்லையா?

வாரம் தவறாமல் டிரெய்லர் இழுக்கிறாய் என்றால், முன்பக்கத்தை உயர்த்தாதே. பக்கத்து வீட்டுக்காரர் உயர்த்தியிருக்கிறாரா? உயர்த்தட்டும்! அவர் வண்டி அவருக்கு.

நீயும் உயர்த்திவிட்டு டிரெய்லரை மாட்டினால் பின்பக்கம் தாழும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முன்சக்கரத்தின் பிடி குறையும். அழகுக்காக இதைச் செய்யப் போகிறாயா?

ஊரே ஒரு பக்கம் போகும்போது "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லவும் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலும் உனக்கு உண்டு.

கணக்குப் போடத் தயங்காதே. கதவுத் தூண் ஸ்டிக்கரிலேயே இன்னொரு எண் இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று.

உன் ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள். 6,000 பவுண்டு டிரெய்லரை இழுக்கிறாய். டிரெய்லர் எடையில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்தும். அதாவது 600 முதல் 900 பவுண்டு.

குடும்பத்தில் நான்கு பேர். 600 பவுண்டு. எதையும் ஏற்றுவதற்கு முன்பே விளிம்புக்கு வந்துவிட்டாய்!

எந்த ஷாக்கும் இந்த எண்ணை உயர்த்தாது. பின்பக்கம் தாழாமல் இருக்கப் பட்டைக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைக்கிற காற்றுப்பைகள் உண்டு. ஏர் லிஃப்ட், ஃபயர்ஸ்டோன் ரைடு-ரைட் போன்றவை. அவை வண்டியை மட்டமாக நிறுத்தும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண் அப்படியேதான் இருக்கும். இதை மறைத்து யாராவது உனக்கு எதையாவது விற்கப் பார்த்தால், எழுந்து வந்துவிடு!

சந்தேகமா? நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும். சுமையோடு ஏறி நில். முன் ஆக்சில் எவ்வளவு, பின் ஆக்சில் எவ்வளவு என்று சீட்டு அச்சடித்துத் தருவார்கள். ஊகத்தை விடு. சீட்டைப் பிடி!

உன் பதில் வேறா? பெட்டி பெரும்பாலும் காலிதான், எப்போதாவது ஒரு சோபா, தோட்டத்துக்கு நாலு மூட்டை மண், அவ்வளவுதானா? அப்படியென்றால் மட்டப்படுத்த உனக்கு முழு உரிமை உண்டு.

டேப்பை எடு. சமதளத்தில் வண்டியை நிறுத்து. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நேர் மேலே அள. தரையிலிருந்து அளக்காதே, டயர் அளவு கணக்கைக் குழப்பிவிடும். நான்கு பக்கமும் அளந்து எழுதிவை.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்தான் உன் இலக்கு. அதில் கொஞ்சத்தை விட்டுவை. பின்பக்கம் அரை அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். நாளைக்கு நாலு மூட்டை ஏறுமே!

இப்போது கடைக்குள் நுழைகிறாய். நூறு பெயர்கள். நூறு நிறங்கள். தலை சுற்றுகிறதா?

சுற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் குழாய் ஒன்றா இரண்டா என்று முதலில் கேள்.

இரண்டு குழாய் வகையில் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும். விலை குறைவு. மென்மையானது. வெளிக்குழாயில் கல் பட்டுச் சொட்டை விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். நகரத்துக்குள் அமைதியாக ஓட்டுகிறவருக்கு நல்ல இரட்டைக் குழாய் ஷாக் போதும். போதும் என்றால் போதும்! அதை வாங்க வெட்கப்படாதே.

ஆனால் கரடான சாலையில் நெடுநேரம் ஓட்டினால் எண்ணெய் சூடாகும், நுரைக்கும். நுரைத்த எண்ணெய் வால்வுக்குள் நெருக்கிப் பாயாது, நழுவும். ஷாக் கையை விரித்துவிடும்.

இதற்கு விடை தேடியவர் பிரெஞ்சு எஞ்சினியர் கிறிஸ்டியன் பூர்சியே டி கார்போன். ஒரே குழாய். உள்ளே எண்ணெய் ஒரு பக்கம், உயர் அழுத்த நைட்ரஜன் மறுபக்கம். நடுவில் நகரும் தடுப்பு. அழுத்தம் எண்ணெயை நுரைக்க விடாது!

ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் அந்த யோசனையைக் கையில் எடுத்து, 1957இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குத் தொழிற்சாலை உற்பத்தியாகக் கொண்டுவந்தது. இன்று நீ வாங்கப் பார்க்கிற ஒற்றைக் குழாய் ஷாக்கின் வேர் அங்கே இருக்கிறது.

நுரைத்தது எண்ணெய். "இது இப்படித்தான்" என்று அவர்கள் கைகட்டி உட்காரவில்லையே! நீ மட்டும் ஏன் உட்கார்கிறாய்?

அடுத்த கேள்வி, வால்வின் குணம். கடையில் இதைக் கேட்கிறவர்கள் குறைவு. நீ கேள்!

சில ஷாக்குகள் மெதுவான அசைவில் இறுக்கிப் பிடிக்கும். திடீர்ப் பள்ளம் வந்தால் வால்வு திறந்து விட்டுக்கொடுக்கும். பில்ஸ்டைன் 5100 அந்தக் குணம் உள்ளது. பிரேக் பிடித்தால் மூக்கு அவ்வளவாக அமுங்காது. வளைவில் உடம்பு அவ்வளவாகச் சாயாது. ஸ்டியரிங்கில் ஒரு நிதானம் வரும்.

ஆனால் சாலையின் சிறு சிறு சொரசொரப்பு உன் இருக்கைவரை வரும். அதையும் தெரிந்துகொண்டு வாங்கு. இறுக்கமும் வேண்டும், தொட்டில் போன்ற மென்மையும் வேண்டும் என்றால், ஒரே ஷாக்கில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது.

வேறு சில ஷாக்குகள் அசைவு கூடக் கூடச் சீராக எதிர்க்கும். சிறு மேடுகளில் மென்மை. பெரிய அசைவில் கொஞ்சம் ஆட்டம். ஃபாக்ஸ் 2.0 வரிசையை அந்த மென்மைக்காகவே பலர் நாடுகிறார்கள்.

முடிவெடுக்க முடியவில்லையா? ராஞ்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் என்று ஒன்று இருக்கிறது. அதன் உடம்பிலேயே ஒரு திருகு. ஒன்பது நிலை. காலி வண்டிக்குக் குறைவாக வை. சுமை ஏற்றிய அன்று கூட்டு. பிடிக்கவில்லை என்றால் திருகு! தப்பாகிவிடுமோ என்று நடுங்குகிறவருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. இனி என்ன சாக்கு?

உன் வீட்டு வாசலிலிருந்து வேலைக்குப் போகிற சாலை எது? லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் கான்கிரீட் நெடுஞ்சாலையா? அங்கே ஒவ்வொரு பலகை இணைப்பிலும் வண்டி ஒரே தாளத்தில் துள்ளும். மிச்சிகனா? குளிரில் நீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, வசந்தத்தில் சாலை முழுக்கக் குழி.

இரண்டுக்கும் ஒரே ஷாக்கைப் பரிந்துரைக்கிறவர் உன் சாலையைப் பார்த்ததே இல்லை. நீ தினமும் பார்க்கிறாய். அப்படியென்றால் இதில் அனுபவசாலி யார்?

நீதான்!

இப்போது மட்டப்படுத்தும் வேலை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பணத்தை அதிகம் வீணடிப்பது இங்கேதான்.

மலிவான வழி ஒன்று உண்டு. முன்னால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்தான் ஸ்ட்ரட்; அதன் தலையில் ஒரு தடித்த வளையத்தை வைத்துவிடுவது. ஸ்பேசர் என்பார்கள். மூக்கு ஏறும். வேலை முடிந்தது என்று தோன்றும்.

ஆனால் ஷாக் அதே பழைய ஷாக்! ஏறியது உயரம் மட்டும். குலுக்கல் குறைய அதில் என்ன இருக்கிறது? உனக்கு வேண்டியது தோற்றமா, பயணமா?

பில்ஸ்டைன் 5100 முன் ஷாக்கைக் கையில் எடுத்துப் பார். உடம்பைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சில வளையப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு கம்பி வளையம் உட்காரும். அதன்மேல் ஸ்பிரிங் தட்டு.

வளையத்தை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் தட்டு ஏறும். தட்டு ஏறினால் ஸ்பிரிங் ஏறும். வண்டியின் மூக்கு உயரும். வண்டிக்கு ஏற்ப இரண்டு அங்குலம் வாக்கில் கிடைக்கும்.

கவனி! தட்டு ஒரு அங்குலம் ஏறினால் மூக்கு அதைவிட அதிகமாக ஏறும். ஷாக், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுவில் நிற்கிறது. சக்கரம் கையின் கடைசியில் நிற்கிறது. அதனால்தான் பள்ளங்களுக்கு இடையே அவ்வளவு சின்ன இடைவெளி. ஷாக்கோடு வரும் தாளில் உள்ள அட்டவணையைப் பார்த்து உன் டேப் கணக்குக்கு ஏற்ற பள்ளத்தைத் தேர்ந்தெடு.

"மேல் பள்ளத்தில் வைத்தால் இன்னும் கம்பீரமாக இருக்குமே!"

இருக்கும். விலையும் இருக்கும். மூக்கு ஏற ஏற, சக்கரம் கீழே தொங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறையும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது "டொக்" என்று இடிக்கும். மேல்கையின் பால் ஜாயின்ட் கோணம் இழுபடும். நான்கு சக்கர இழுவை வண்டியென்றால் முன் ஆக்சில் ஜாயின்ட்டும் சிரமப்படும்.

இரண்டு அங்குலத்தைத் தாண்ட ஆசைப்பட்டால் மேல்கையையும் மாற்றத் தயாராக வா. இல்லையென்றால் அளவோடு நில். அளவோடு நிற்பதில் எந்தத் தோல்வியும் இல்லை!

உயரமே வேண்டாம், ஓட்டம் மட்டும் சீராக வேண்டும் என்கிறாயா? அதே நிறுவனத்தின் 4600 வரிசை தொழிற்சாலை உயரத்துக்கென்றே இருக்கிறது. கேஒய்பி, மன்ரோ என்று இன்னும் பல வழிகள் உண்டு. எல்லாக் கதவும் உனக்குத் திறந்திருக்கிறது.

"வாரண்டி போய்விடுமே!"

இதுவும் வந்துவிட்டதா? 1975இல் அமெரிக்காவில் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் வந்தது. வெளி நிறுவனத்தின் உதிரிப்பாகம் போட்ட ஒரே காரணத்துக்காக வண்டி நிறுவனம் மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வை. நிமிர்ந்து நில்!

இனி கை வேலை.

பின் ஷாக்கில் தொடங்கு. ஒரு பக்கத்துக்கு மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். அவ்வளவுதான்! பனிக்கு உப்புத் தூவுகிற மாநிலத்தில் இருக்கிறாயா? துருப்பிடித்திருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவை. காலையில் மறுபடி அடி.

போல்ட் அசையவில்லையா? நீளமான ரெஞ்சை எடு. மறுபடி முயன்று பார். கை வலிக்கிறதா? வலிக்கட்டும்! கொஞ்சம் ஓய்வெடுத்து மறுபடி வா. அந்த போல்ட் கடைசியில் ஒரு "க்ரீச்" சத்தத்தோடு இளகும் பார், அந்தச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

புது ஷாக் ஒரு பட்டையால் கட்டி, அமுங்கிய நிலையில் வரும். அதைக் கீழே பொருத்திவிட்டுப் பட்டையை வெட்டு. தண்டு மெல்ல, தானாக, யாரும் இழுக்காமல் மேலே வரும். உள்ளே இருக்கிற நைட்ரஜன் தள்ளுகிறது. முகத்தை மட்டும் விலக்கி வைத்துக்கொள்.

இங்கே ஒரு கோடு போடுகிறேன். இதைத் தாண்டாதே!

முன் ஸ்ட்ரட்டின் காயில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. உரிய கருவி இல்லாமல் தலை நட்டைக் கழற்றினால் ஆளைக் கொல்லும் விசையோடு பாயும். கருவியும் பழக்கமும் இல்லை என்றால் ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி, ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போ. ஸ்பிரிங்கை அவர்கள் மாற்றித் தரட்டும்.

இதைப் பயம் என்று நினைக்காதே. இது மரியாதை. பயந்தவர் வண்டியைத் தொடவே மாட்டார். நீ தொட்டாய், அளந்தாய், எந்தப் பள்ளம் என்று நீயே சொன்னாய். ஸ்பிரிங் அமுக்கும் கருவி யாருடையது என்பதா பெரிய விஷயம்?

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதே. ஸ்டாண்டு வை. சக்கரத்துக்குக் கட்டை போடு. பிள்ளைகள் இருக்கிற வீடு உன் வீடு!

கடைசி இறுக்கல் எப்போது தெரியுமா? சக்கரம் தரையில் நின்ற பிறகு. சக்கரம் தொங்கும்போதே ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை முழுக்க முறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் நிரந்தரமாக முறுகி நின்று சீக்கிரம் கிழியும். எனவே கையால் பூட்டு, இறக்கு, பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கு.

அடுத்து வீல் அலைன்மென்ட். மூக்கு உயர்ந்தால் சக்கரக் கோணம் மாறியே தீரும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் புது டயர் சில ஆயிரம் மைலில் தேய்ந்து உன் முன்னால் நிற்கும். தள்ளிப்போடாதே!

இரவில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்து. ஹெட்லைட் ஏறியிருக்கும். திருகி இறக்கு. எதிரே வருகிறவரும் ஒரு வீட்டுக்குத்தான் போகிறார்.

சரி. எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்க்கிறாய். நீ நினைத்தது வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. அல்லது மூக்கு கால் அங்குலம் அதிகம்.

உடனே தலையில் கை வைப்பாயா? "நான் அப்பவே நினைத்தேன், இது நமக்கு ஆகாத வேலை" என்று பழைய பல்லவியைத் தொடங்குவாயா?

கூடாது! நேற்றுவரை "குலுங்குகிறது" என்று மட்டும்தான் உனக்குச் சொல்லத் தெரியும். இன்று "எழும்போது அடக்கம் போதவில்லை", "சிறு மேட்டில் இறுக்கம் அதிகம்" என்று சொல்கிறாய். எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். திருகு உள்ள ஷாக் என்றால் ஒரு நிலை மாற்றி அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டு. குறித்து வை. பிறகு அடுத்தது.

கொஞ்ச நாள் ஓட்டியபின் மறுபடி அடியில் போய் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சோதி. டேப்பை எடுத்து நான்கு பக்கமும் மறுபடி அள. ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், எண் மாறியிருக்கும்.

பெட்டியில் நீ வழக்கமாக ஏற்றுகிற சுமையை ஏற்று. அதே பாலம். அதே வளைவு. பின்சீட்டில் பிள்ளைகள். அவர்களிடம் கேள், வித்தியாசம் தெரிகிறதா என்று.

தெரியவில்லை என்கிறார்களா? வளையம் உட்கார இன்னும் பள்ளம் இருக்கிறது. திருகுக்கு இன்னும் நிலை இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை காலியாக இருக்கிறது. கழற்று! மாற்று! மறுபடி ஓட்டு!